எம்பிஏவோடு எம்எஸ்ஸும் சேர்த்துப் படிக்க அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. மகள் அமெரிக்காவில் படிக்க நினைக்கும் இரட்டைப் பட்டம் உண்மையான படிப்பா, ஏஜெண்ட் கட்டிவிட்ட கதையா? ஒரே சமயத்தில் இரண்டு முதுகலையை ஒருத்தி எப்படிப் படிப்பாள்? கரூர் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கலாமா? உங்களைத் தூங்கவிடாமல் செய்வது மூன்றாவது கேள்விதான் என்று தெரிகிறது. ஆனால் முதல் இரண்டைச் சொல்லாமல் அதற்கு வர முடியாது.

படிப்பு உண்மையானதுதான். எம்பிஏவும், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸில் எம்எஸ்ஸும் சேர்ந்தது. இரண்டாவது பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், துறை பழையது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனித் துறை வந்தது 1974இல். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர் இயந்திரத்துக்குள் பார்க்கிறார். எம்பிஏ படிப்பவர் வியாபாரத்தைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் தகவல் எப்படிப் போய் வருகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

போன வாரம் மகளிடம் அரை மணி நேரம் போனில் பேசினேன். சிறுசேரி ஆபீஸில் நாலு வருடமாக பிசினஸ் அனலிஸ்ட். "என்னம்மா வேலை பார்க்கிறாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்றேன். ஒரு கதை சொன்னாள். மேஜை நாற்காலி விற்கும் ஒரு கம்பெனி அவர்களுடைய கிளையன்ட். "ஆர்டர் முடிந்தது" என்று அக்கவுண்ட்ஸ்காரர் சொன்னால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமாம். குடோன்காரர் அதையே சொன்னால் பெட்டி லாரியில் ஏறிவிட்டது. புரோகிராம் எழுதுகிறவருக்கு கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டத்துக்குள் 'சி' என்ற எழுத்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான். மாதக் கடைசியில் மூன்று பேர் கணக்கும் மூன்று விதம். இரண்டு வாரம் மூன்று பேரோடும் மாறி மாறி உட்கார்ந்து அதைப் பிரித்தது இவள்தான்.

அம்மா, அதுதான் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். பெயர் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருக்கிறாள். டேட்டாபேஸ், சிஸ்டம்ஸ் அனாலிசிஸ், ஈஆர்பி (கம்பெனியின் எல்லாப் பிரிவையும் இணைக்கும் மென்பொருள்), புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று எம்எஸ்ஸில் வரும் பாடங்கள் அவளுக்கு அந்நியமாக இருக்காது. காலேஜ் முடித்த கையோடு வந்து இதே படிப்பைக் கேட்கும் பிள்ளைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எம்பிஏ வகுப்பில் "உங்கள் கம்பெனியில் என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. உங்கள் மகள் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

சரி, இரண்டு படிப்பை எப்படிச் சேர்ப்பது? அமெரிக்காவில் கிரெடிட் கணக்கு, ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று. எம்பிஏவுக்கு ஏறக்குறைய 50, எம்எஸ்ஸுக்கு 30 முதல் 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் படித்தால் 80க்கு மேல், மூன்று வருடத்துக்குக் குறையாது. சேர்த்துப் படித்தால் சில பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எத்தனை கிரெடிட் அப்படிப் பொதுவாகப் போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். இரண்டிலிருந்து இரண்டரை வருடத்தில் முடிந்தால்தான் சேர்த்துப் படிப்பதில் அர்த்தம் உண்டு. அந்தக் கிரெடிட் எண்ணிக்கையை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் மெயிலில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். சில இடங்களில் ஒன்றில் சேர்ந்து ஒரு செமஸ்டர் போனபின் மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான். பிடிக்காவிட்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது ஏஜெண்ட் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். படித்து முடித்தபின் மாணவர் விசாவிலேயே 12 மாதம் வேலை பார்க்கலாம், அதற்கு ஓபிடி என்று பெயர். "இரண்டு பட்டம், இரண்டு ஓபிடி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு படிநிலைக்கு ஒரு முறைதான். எம்பிஏவும் எம்எஸ்ஸும் ஒரே படிநிலை. எம்எஸ்ஸை முதலில் முடித்து அந்த 12 மாதத்தையும் செலவழித்துவிட்டு எம்பிஏவுக்குத் திரும்பினால், எம்பிஏ முடிந்தபின் அது மறுபடி கிடைக்காது.

அந்த 12 மாதத்தின் மேல் இன்னொரு 24 மாதம் கிடைக்கும், படித்த பாடம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால். வேலை கொடுக்கும் கம்பெனி, வேலைக்கு வருகிறவரின் அனுமதியைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பாடம் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தின் முதல் பக்கத்தில், பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். சிஐபி கோடு என்பார்கள். 52.1201 என்று இருந்தால் அது மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்தான், ஆனால் ஸ்டெம் பட்டியலில் கிடையாது. கிட்டத்தட்ட அதே பாடத்தை 11.0401 என்றோ 11.0501 என்றோ பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகத்தில் படித்தால் உண்டு. சாதாரண எம்பிஏவின் 52.0201உம் கிடையாது. 52.1301 என்று பதிவான எம்பிஏ என்றால் உண்டு.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பையன் மூலமாக. சில வருடங்களுக்கு முன் என் ஆலோசனையில் போனவன். பாடத்திட்டம், தரவரிசை, ஊர், குளிர் எல்லாம் பார்த்தோம். அந்த எண்ணை நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. ரூம்மேட் வேறு பல்கலைக்கழகம், ஏறக்குறைய இதே பாடம், மூன்று வருடம் வேலை பார்த்தான். இவன் ஒரே வருடத்தில் பெட்டி கட்டினான். இன்றைக்கும் ஐ-20 வந்தால் நான் முதலில் கண்ணாடியைத் தேடுவது அந்த வரிக்காகத்தான். உங்கள் மகளுடைய படிவத்தில் இரண்டு பாடமும் இரண்டு எண்ணோடு பதிவாக வேண்டும். எம்பிஏவின் எண் மட்டும் ஏறி, எம்எஸ் விட்டுப்போனால் உடனே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதித் திருத்தி வாங்க வேண்டும். படிக்கும்போதே வேலை பார்க்க சிபிடி என்று ஓர் அனுமதி உண்டு. அதையும் முழுநேரமாக 12 மாதம் பயன்படுத்திவிட்டால் ஓபிடி போய்விடும். கோடையில் இன்டர்ன்ஷிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

அதற்கப்புறம் எச்-1பி என்ற வேலை விசா. வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. குலுக்கலில்தான் எடுப்பார்கள், கையில் இரண்டு முதுகலை இருப்பதால் சீட்டு இரண்டாகிவிடாது. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டண அறிவிப்பைப் படித்துத்தான் பயந்திருக்கிறீர்கள். அங்கேயே இருந்துகொண்டு மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் இவள் படித்து முடிக்கும்போது விதி எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அங்கேயே தங்கிவிடுவாள் என்ற கணக்கில் கடன் வாங்காதீர்கள்.

பத்திரத்துக்கு வருவோம். இரண்டரை வருடப் படிப்புக்கு 60 லட்சம் கடன் என்று வைப்போம். பத்தரை சதவீத வட்டி, 12 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 73,000. படிக்கும் காலத்தில் வட்டியைக் கட்டிக்கொண்டே வந்தால்தான் இந்தத் தொகை. கட்டாமல் விட்டால் முழுக் கடனுக்கும் வருடத்துக்கு 6.3 லட்சம் வட்டி ஏறும், தவணையும் கூடும். ஒரே ஒரு கேள்வியை அவளிடம் கேளுங்கள்: "மூன்று வருடம் கழித்துச் சென்னைக்கே திரும்பி வந்தால், அங்கே கிடைக்கும் சம்பளத்தில் இந்தத் தவணையைக் கட்டுவாயா?" ஆமாம் என்றால் எந்த வேலை, என்ன சம்பளம் என்று பெயர் சொல்லட்டும். சொல்ல முடியவில்லை என்றால் கடன் தொகை குறைய வேண்டும். தரவரிசையில் நாலு படி இறங்கி, மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில், உதவித்தொகையோ அசிஸ்டன்ட்ஷிப்போ (பல்கலைக்கழகத்திலேயே பகுதிநேர வேலை) கிடைக்கும் இடமாகப் பார்ப்பது ஒரு வழி. இரட்டையை விட்டு எம்எஸ் மட்டும் படிப்பது இன்னொரு வழி. நாலு வருட அனுபவத்தோடு எம்எஸ் மட்டும் என்றால் செலவு ஏறக்குறைய பாதியாகும்.

போகாமலும் இருக்கலாம். உங்கள் கடிதத்தில் அதைக் கேட்கவில்லை, கேட்க நினைத்தீர்கள் என்று தோன்றியது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இல் யுஜிசி அனுமதி கொடுத்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் எம்பிஏவும் உண்டு, எம்சிஏவும் உண்டு. வேலையை விடாமல் ஒன்றைப் படிக்கலாம். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இரண்டு வருடம் முழுநேரமாக வகுப்பில் உட்கார்ந்து, வேறு வேறு நாட்டுக்காரர்களோடு மோதிப் படிப்பது வேறு அனுபவம். அதற்கு உள்ளூரிலேயே ஈடு தேடினால் கல்கத்தா ஐஐஎம், ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), கரக்பூர் ஐஐடி மூன்றும் சேர்ந்து 2015இல் தொடங்கிய பிஜிடிபிஏ இருக்கிறது. மூன்று வளாகத்திலும் மாறி மாறிப் படிக்க வேண்டும். பிசினஸ் அனலிடிக்ஸ் என்பதால் கணக்கு கடினம், சீட்டும் குறைவு. அதன் நுழைவுத் தேர்வைப் பற்றி மகள் இதுவரை யோசித்த மாதிரி தெரியவில்லை.

அவசரம் எதுவும் இல்லை. அமெரிக்கப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, ஜிமேட்டோ ஜிஆர்இயோ, முதலில் எழுதட்டும். இப்போது ஜிமேட்டின் உச்ச மதிப்பெண் 805, பழைய 800 கணக்கை வைத்து யாராவது ஒப்பிட்டால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் வந்ததும் ஐந்து பல்கலைக்கழகத்துக்கு மூன்று கேள்வி எழுதச் சொல்லுங்கள்: மொத்தம் எத்தனை கிரெடிட், இரண்டு பட்டத்தின் சிஐபி கோடு என்ன, இரண்டாவதை நடுவில் விட்டால் என்ன ஆகும். ஒழுங்காகப் பதில் வந்தவற்றை மட்டும் பிரிண்ட் எடுத்து ஒரு சனிக்கிழமை கொண்டு வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. பத்திரம் அன்றைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.