அவர்கள் ஏன் தப்பிச் செல்லவில்லை?

கேள்வி: ஹிட்லர் 1933-இல் ஆட்சிக்கு வந்தார், யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது 1941-இல்தான் தொடங்கியது. இடையில் எட்டு ஆண்டுகள் இருந்தும் அவர்கள் ஏன் தப்பிச் செல்லவில்லை? கொல்ல வந்தவர்களை ஏன் எதிர்க்கவில்லை?

பதில்: ஜெர்மனியில் 1933-இல் வாழ்ந்த சுமார் 5 லட்சம் யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், போர் மூளுவதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறிவிட்டனர். சொத்தில் பெரும்பகுதியை வரியாகவும் அபராதமாகவும் பறித்துக்கொண்ட பிறகே நாஜி அரசு அவர்களை வெளியே விட்டது. கையில் பணமில்லாமல் வருபவர்களையோ எந்த நாடும் ஏற்க விரும்பவில்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி இந்த அகதிகளைப் பற்றிப் பேசினார்கள். அனுதாபம் தெரிவித்தார்களே தவிர, டொமினிக்கன் குடியரசைத் தவிர ஏறக்குறைய எவரும் கூடுதலாக இடமளிக்க முன்வரவில்லை. மறு ஆண்டு மே மாதத்தில் 937 பயணிகளுடன் ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்ட 'செயின்ட் லூயிஸ்' கப்பலில் இருந்தவர்களுள் மிகச் சிலரை மட்டுமே கியூபா இறங்க அனுமதித்தது. அமெரிக்காவும் கனடாவும் கைவிரித்தன. ஐரோப்பாவுக்கே திரும்ப நேர்ந்த அவர்களில் 254 பேர் பின்னர் இனப்படுகொலைக்குப் பலியானார்கள். ஆகவே, ஏன் போகவில்லை என்று அவர்களைக் கேட்பதைவிட, ஏன் கதவடைத்தீர்கள் என்று அன்றைய அரசுகளைக் கேட்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் ஜெர்மானியர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும். போலந்தில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். 1939 செப்டம்பரில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தபோது அவர்களுக்கு எட்டு ஆண்டுகள் அல்ல, சில வாரங்கள்கூடக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது, பசியாலும் நோயாலும் ஓய்ந்துபோன, குழந்தைகளையும் முதியோரையும் உடன் வைத்திருந்த குடும்பங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மறக்கலாகாது. கிழக்கே வேலைக்குக் குடியமர்த்துகிறோம் என்ற பொய்யைச் சொல்லியே அவர்களை ரயிலில் ஏற்றினார்கள். ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட சோவியத் படைவீரர்களிலும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர்ப்பயிற்சி பெற்ற இளைஞர்களாலேயே அந்தப் பிடியிலிருந்து மீள முடியவில்லை.

அப்படியிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. போலந்தின் தலைநகர் வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த 'கெட்டோ' என்ற பகுதியிலிருந்து 1942 கோடையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியிருந்தோர், 1943 ஏப்ரல் 19 அன்று படையினர் மீண்டும் நுழைந்தபோது, மொர்தெகாய் அனியெலெவிச் என்ற இளைஞரின் தலைமையில் கைத்துப்பாக்கிகளையும் கையெறி குண்டுகளையும் கொண்டு ஏறக்குறைய நான்கு வாரங்கள் போரிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் திரெப்ளிங்காவிலும், அக்டோபர் 14 அன்று சோபிபோர் என்ற மற்றொரு கொலைமுகாமிலும் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். சோபிபோரில் சுமார் 300 பேர் வேலியைக் கடந்து ஓடினார்கள். அவர்களில் ஏறத்தாழ 50 பேர் போர் முடியும்வரை உயிரோடிருந்தனர். அந்தக் கிளர்ச்சிக்குப் பிறகு நாஜிகள் அந்த முகாமையே கலைத்துவிட்டார்கள்.