டாட் அணைந்தால் முள் இருக்கிறதா? – சுபேதார் பதில்கள்

கேள்வி: ஐயா, டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் இருக்கிறேன். போன வருடம் ஒரு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கினேன், மேலே ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் பேட்டரி சைட்). வார இறுதியில் ரேஞ்சுக்குப் போவேன். நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை, அதற்கும் எடுத்துப் போகிறேன். டாட் பழுதானால் கைகொடுக்க, மடக்கி வைக்கிற இரும்பு சைட் (பேட்டரி இல்லாமல், முன்னால் முள், பின்னால் துளை என்று குறி பார்ப்பது) ஒரு ஜோடி போடலாம் என்று யோசனை. எஃகுதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். பிளாஸ்டிக்கே போதும் என்கிறார் நண்பர். பேட்டரி ஐந்து வருடம் வரும், இதெல்லாம் எதற்கு என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூன்றாவது ஆளை முதலில் முடித்துவிடலாம் தம்பி. நல்ல டாட்டில் பேட்டரி ஐந்து வருடம் வருவது உண்மைதான். ஆனால் கண்ணாடியில் பனி படிவதற்கும், சேறு அப்புவதற்கும், டாட் ஒரு பாறையில் மோதி உடைவதற்கும் பேட்டரி என்ன செய்யும்?

என் கதையைக் கேளுங்கள். பட்டாளத்தில் 28 வருடம். அதில் பாதிக்கு மேல் பையன்களுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்த வேலை. ஓய்வுக்குப் பிறகு மகளோடு சான் அன்டோனியோ பக்கம் குடியேறிவிட்டேன். ஒரு மார்கழி விடியலில் பண்ணை மேட்டில் படுத்திருக்கிறேன், அறுபது கஜத்தில் கொழுத்த பன்றி. கண்ணை வைத்தால் டாட்டைக் காணோம். மலிவாக வாங்கியது, பைக்குள் பொத்தான் அழுந்தி, இரவெல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்து தீர்ந்துவிட்டது. இதற்குத்தானே இருக்கிறது என்று இரும்பு சைட் இரண்டையும் நிமிர்த்திச் சுட்டேன். பன்றிக்கு அரையடி இடப்பக்கம் மண் பறந்தது. அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. சைட்டை வாங்கி மாட்டியதோடு சரி, குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைத் திருத்துவதுதான் ஜீரோ, அதற்கு ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. இந்த லட்சணத்தில் நான் வாத்தியார்.

இனி உங்கள் துப்பாக்கி. குழலின் மேல் முக்கோணமாக நிற்கும் முன் சைட் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதிச் செலவு மிச்சம், பின் சைட் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் முன் சைட்டை எங்கே மாட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. எஃகா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் அப்புறம்.

முள்ளுக்கும் பின் துளைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவுக்குக் குறி துல்லியம். கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இரண்டு சைட்டையும் ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) மேலேயே ஏழு அங்குல இடைவெளியில் சிலர் மாட்டிவிடுகிறார்கள். அதில் முள் துளையின் நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், ஐம்பது கஜத்தில் குண்டு 26 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அதே தவறு பதினான்கரை அங்குல இடைவெளியில் 12 சென்டிமீட்டர்தான். பட்டாளத்தில் நாங்கள் பழகிய எஸ்எல்ஆர் ரைஃபிளில் இடைவெளி ஏறக்குறைய 55 சென்டிமீட்டர், அதனால் அதில் எட்டு சென்டிமீட்டர். ஆகவே பின் சைட் கண்ணுக்கு எவ்வளவு பக்கமோ அங்கே, முன் சைட், குழலைச் சுற்றிய முன் கைப்பிடியின் ரயிலில் (சைட் மாட்டும் பட்டை) கடைசி நுனியில். அந்தக் கைப்பிடி ஆடாமல், திரும்பாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். அது அசைந்தால் முள்ளும் அசையும்.

உயரத்திலும் ஏமாறாதீர்கள். பழைய வகைத் துப்பாக்கிகளில் கேஸ் பிளாக்கின் (குழலிலிருந்து வாயுவைத் திருப்பும் பாகம்) மேல் ஒரு குட்டி ரயில் இருக்கும், அது ரிசீவர் ரயிலைவிடத் தாழ்வு. அதற்கென்று உயரமான முன் சைட் தனியாக விற்கிறார்கள். கைப்பிடி ரயிலுக்கான சைட்டை அங்கே மாட்டினால் முள்ளை எவ்வளவு திருகினாலும் ஜீரோ எட்டாது. அதோடு கேஸ் பிளாக் கொதிக்கிற இடம், பிளாஸ்டிக் அங்கே தாங்காது. கடைக்காரர் சொல்லும் எஃகு மாதிரி உலோகம்தான் அங்கே வேண்டும். குளிரான கைப்பிடியில் மாட்டுவதானால் உங்கள் நண்பர் சொல்வதே சரி. பொத்தானைத் தட்டினால் ஸ்பிரிங்கில் எழுந்து நிற்கிற பாலிமர் ஜோடி, ரேஞ்சுக்கும் பன்றிக்கும் தாராளம். மிச்சப் பணத்தில் தோட்டா வாங்குங்கள். நான் சொல்வதில் இதுதான் முக்கியம்.

வாங்கும்போது பின் சைட்டில் சிறிய துளை, பெரிய துளை இரண்டும் இருக்கிறதா பாருங்கள். சிறியது ஜீரோ பார்க்கவும் தூரத்துக்கும். பெரியது மங்கல் வெளிச்சத்துக்கும் பக்கத்தில் ஓடுகிற இலக்குக்கும். பன்றி வருவது விடியலிலும் அந்தியிலும்தான், அதனால் பெரியதை முன்னால் வைத்தே மடக்குங்கள். டாட்டைத் தாங்குகிற மவுன்ட்டின் உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வகையில் சிவப்புப் புள்ளி சரியாக முள்ளின் தலையில் உட்காரும். இன்னொன்றில் முள் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தெரியும், எனக்கு அதுதான் பிடிக்கும். மிக உயரமான மவுன்ட் என்றால் கண்ணாடி வழியே முள்ளே சரியாக அகப்படாது. 45 டிகிரி சாய்ந்து நிற்கிற சைட்டெல்லாம் டெலஸ்கோப் வைத்தவர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம்.

மாட்டியதும் டாட்டை அணைத்துவிட்டு ஜீரோ பாருங்கள். டாட்டோடு ஒப்பிட்டு முள்ளைத் திருகுவது சோம்பேறி வழி. டாட் தப்பாக இருந்தால் முள்ளும் தப்பாகும். முதலில் 25 கஜத்தில் தாளில் விழ வையுங்கள், அப்புறம் ஐம்பதில் முடியுங்கள். ஐம்பதில் ஜீரோ செய்த 5.56 மில்லிமீட்டர் குண்டு கொஞ்சம் மேலேறி, இருநூறு கஜம் பக்கம் மறுபடி அதே கோட்டுக்கு இறங்கி வரும். ரெக்ரூட்டுகளுக்கு நான் சொல்வது: முன் முள் எதிரி, பின் சைட் நண்பன். முள்ளை இறக்கினால் குண்டு மேலே போகும். பின் சைட்டை வலப்பக்கம் தள்ளினால் குண்டும் வலப்பக்கமே போகும். முடிந்ததும் திருகின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், நகர்ந்தால் தெரியும். ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் முதல் பத்துத் தோட்டா இரும்பில். டாட் அதற்கப்புறம்.

கேள்வி: எனக்கு வயது 61. இரும்பு சைட்டில் முள்ளைப் பார்த்தால் இலக்கு மங்குகிறது, இலக்கைப் பார்த்தால் முள் மங்குகிறது. கண் போய்விட்டதா?

பதில்: கண் எங்கேயும் போகவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தைத் தெளிவாகப் பார்க்க இருபது வயதுப் பையனாலும் முடியாது, அவன் வேகமாக மாற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். 'ஷிஸ்த் லோ' (குறி பார்) என்று பட்டாளத்தில் பயிற்சி தரும் உஸ்தாத் கத்தும்போதே அடுத்த வார்த்தை, முள்ளின் நுனியைப் பார் என்பதுதான். இலக்கு மங்கட்டும், முள் கூர்மையாக இருக்கட்டும். சிறிய துளையைப் போட்டுப் பாருங்கள். ஊசித் துளை வழியே பார்த்தால் எழுத்து தெளிவாகுமே, அதே வித்தைதான். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டைக் கண்ணாடி போடுபவரானால், முள் இருக்கும் தூரத்துக்கு அளவெடுத்து ஒற்றைப் பவரில் ஒரு ஜோடி செய்துகொள்ளுங்கள். நானும் அப்படித்தான்.

கேள்வி: கோவையில் என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். டெலஸ்கோப் கூடாதாமே, வெறும் சைட்டில் அந்தச் சின்னப் புள்ளியை எப்படி அடிப்பாள்?

பதில்: அம்மா, அந்தப் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் அதைச் சுட்டது டெலஸ்கோப் இல்லாமல்தான். பின்னால் டயாப்டர் என்கிற நுண்துளை. முன்னால் முள்ளுக்குப் பதில் ஒரு வளையம். வளையத்துக்குள் கறுப்பு வட்டம், சுற்றி ஒரே அளவு வெள்ளை. வட்டத்துக்குள் வட்டம் நடுவில் இல்லையென்றால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். வளையத்தின் அளவை மட்டும் ரொம்பச் சின்னதாகப் போட வேண்டாம் என்று கோச்சிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாகப் பழகும் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.