அப்பத்தா வைத்த கைநாட்டு

வணக்கம். நான் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மேலூர்ப் பக்கம் கிராமத்தில் வாழும் என் அப்பத்தாவுக்கு 78 வயது. தாத்தா இறந்தபின் நிலத்திலும் வீட்டிலும் தனக்கு வந்த பங்கை மூன்று ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் இருவருக்கும் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை மாறும் நாளில் துணிப்பையோடு அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்றால், பெற்ற பிள்ளைகள் மேல் வழக்கா என்று அழுகிறார். அரசு உதவித்தொகையைக் கூட்டினால் இந்த நிலை வராதல்லவா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. இன்னும் கூட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் பெரியம்மாவுக்கு அந்தப் பணம் வந்த காலத்தில் ஏடிஎம் அட்டை பேரனின் சட்டைப்பையில்தான் இருந்தது. வெற்றிலை வாங்க அவனிடமே இருபது ரூபாய் கேட்டு நிற்பார். தொகை யார் கைக்குப் போகிறது என்பதைப் பேசாமல் தொகையை மட்டும் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

அப்பத்தாவின் பங்கு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததன்று. உயில் எழுதாமல் கணவன் இறந்தால், அவருடைய சொத்தில் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு மனைவிக்கும் உண்டு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 14ஆம் பிரிவு அந்தப் பங்கை அவருக்கே முழு உரிமையாக்குகிறது. நம் ஊரில் அந்த உரிமை பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒரு கைநாட்டில் தீர்ந்துவிடுகிறது. பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் ஒரு மூதாட்டி பெருவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே, "கெணத்தடி வயலும் இதுல சேந்துருச்சாப்பா?" என்று மகனிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மகன் பதில் சொல்லாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்களுக்கு முக்கியம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கியவர் பராமரிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நம் மாநிலத்தில் கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயம். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்துக்கு முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் காரணமாக எழுதிக் கொடுப்பதிலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று ஒரு மூதாட்டியின் வழக்கில் கூறியது. இத்தனை இழுபறியும், சாகும்வரை குடியிருக்கவும் மகசூலில் பங்கு பெறவும் தனக்கு உரிமை உண்டு என்று பத்திரத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தால் தேவைப்பட்டிராது.

வழக்கு என்ற சொல்தான் அப்பத்தாவைப் பயமுறுத்துகிறது. கோட்டாட்சியர் முதலில் சமரசத்துக்கும் அனுப்பலாம்; மாதப் பராமரிப்புத் தொகை மட்டும் கேட்டும் மனுக் கொடுக்கலாம், அதற்கு உச்ச வரம்பு 10,000 ரூபாய். அப்பத்தாவால் இயலாதபோது, அவர் ஒப்புதல் தந்தால் நீங்களே அவருக்காக மனுச் செய்யலாம். ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. "பிள்ளைகள் இருவருக்கும்", "முறை வைத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அப்பத்தா என்றால் அந்த இருவரில் ஒருவர் உங்கள் அப்பாதானே? கோட்டாட்சியரிடம் போவதற்கு முன்னால் அப்பாவிடம் பேசிப் பார்த்தீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

மதுரைப் பக்கம் வயல்வேலைக்கு ஆட்களைக் கூட்டிப்போய், நிலக்காரர்களிடம் நின்று கூலி பேசி வாங்கிக் கொடுத்த சின்னப்பிள்ளையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001இல் விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவர் முன்னின்று நடத்திய களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அவரவர் பெயரில் பணம் சேர்த்தார்கள் என்பது அந்த அளவுக்கு நினைவில் இல்லை. அப்பத்தாவின் பெயரில் இன்று என்னென்ன மிச்சம் இருக்கின்றன, வங்கிக் கணக்கு இருந்தால் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள்.

அதற்கு முன், பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கி, அப்பத்தாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். இதுவரை யாரும் அவருக்கு அதை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அப்பாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாசியுங்கள்.