கூடவே இருக்கும் சிட்டு, கட்டிலடியில் நீளக்கை மாமா

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. ‘சிட்டு’ என்று ஒருத்தி தன் கூடவே இருப்பதாகச் சொல்லி, அவளுக்கும் ஒரு தோசை வைக்கச் சொல்கிறாள். ஒரு மாதமாக, ராத்திரியில் கட்டிலுக்கு அடியில் ‘நீளக்கை மாமா’ இருப்பதாக அழுகிறாள். மந்திரிக்கலாம் என்கிறார் மாமியார். ‘பிரெயின் மேப்பிங்’ என்று மூளையைப் படமாக்கும் சோதனை செய்யச் சொல்கிறது ஒரு தனியார் மையம். இது மனநோயா?

பதில்: இல்லை, பயப்படாதீர்கள். ஒரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவினரின் 2004 ஆய்வில், 7 வயதுக்குள் 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கற்பனைத் துணை இருந்திருக்கிறது. பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதும் இந்தக் கணக்கில் உண்டு. சிட்டுவுக்கு வைத்த தோசையைக் கடைசியில் யார் தின்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் உங்கள் மகள்தான். சிட்டு விளையாட்டு என்பது அவளுக்கே தெரியும்.

நீளக்கை மாமாவும் இந்த வயதின் இருட்டுப் பயம்தான். சோறு ஊட்டும்போது பூச்சாண்டி காட்டுகிறீர்களா? இன்றோடு விடுங்கள். சின்ன விளக்கு எரியட்டும், தூங்கும்வரை பக்கத்தில் இருங்கள். பகலில் அந்த மாமாவை வரையச் சொல்லுங்கள். கையைக் குட்டையாக்குவதா, தொப்பி மாட்டுவதா என்று அவளே முடிவு செய்யட்டும்.

மந்திரிக்கவே கூடாது. பெரியவர்களே வேப்பிலையோடு கிளம்பினால், ‘அப்போ நிஜமாகவே இருக்கிறது’ என்றுதான் பிள்ளை நினைக்கும். அந்த மையத்தின் பக்கமும் போகாதீர்கள். மூளைப் படம் சிட்டுவைப் பற்றி எதையும் சொல்லப்போவதில்லை. பலவண்ணத்தில் அச்சடித்த ஒரு தாள், கூடவே பத்து ‘சிட்டிங்’குக்கு பாக்கேஜ், அவ்வளவுதான். உங்களை அங்கே அனுப்பியவருக்கு கமிஷன் உண்டா என்றும் விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் காலையெல்லாம் வரிசையில் நின்றால் மூன்று நிமிடம் பேசுகிறார்கள். பல பள்ளிகளில் ஆலோசகரே கிடையாது. இந்த ஓட்டையில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அந்த ‘மாமா’ கற்பனையா, தெரிந்த ஆளா? ‘யாரிடமும் சொல்லாதே என்றார்’, ‘இங்கே தொட்டார்’ என்று அவள் சொல்கிறாளா? குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கோ வேனிலோ போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாளா? பெரும்பாலான வீடுகளில் இப்படி எதுவும் இருக்காது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ‘அவர் உன்னை அடித்தாரா?’ என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது. ‘மாமா என்ன செய்வார்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பக் கிளறாதீர்கள். சந்தேகம் வந்தால் அந்த ஆளிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். முதலில் பிள்ளையை அவர் பக்கம் விடாமல் நிறுத்துங்கள், அப்புறம் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.