கம்பியும் கரண்டும்: பேட்டரிக் கையுறை வாங்கலாமா?

கேள்வி: என் மகன் படிக்க கனடாவில் எட்மன்டன் போகிறான். பேட்டரியில் சூடாகிற கையுறை வேணுமாம். கரண்டைக் கையில் மாட்டிக்கொண்டு நடப்பதா என்று எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அது எப்படி வேலை செய்யுது அண்ணாச்சி?
— வாசகி, குழித்துறை

பதில்: படபடப்பு வேண்டாம் தங்கச்சி. உள்ளே இருப்பது வெறும் 7.4 வோல்ட். டார்ச் லைட்டைப் பிடித்து யாருக்காவது ஷாக் அடித்திருக்கிறதா?

என் மகள் கால்கரியில் இருக்கிறாள். போன ஜனவரியில் அங்கே போனபோது நானும் ஒரு ஜோடி வாங்கினேன். ஊர் திரும்பும் முன்பே இடது கையுறை செத்துப்போனது. மார்த்தாண்டத்துக் கடைக்குக் கொண்டுவந்து, மோட்டார் வைண்டிங் வேலையை ஓரம் தள்ளிவிட்டு, பிளேடால் தையலைப் பிரித்தேன். மேல் துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே மெல்லிய சூட்டுக் கம்பி ஒன்று. புறங்கையிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு விரலின் ஓரமாக ஏறி, நுனியைச் சுற்றி இறங்கி, அடுத்த விரலுக்குப் போகிறது. ஆள்காட்டி விரல் மடங்குகிற இடத்தில் அறுந்திருந்தது. ஐந்து விரலுக்கும் ஒரே ஓட்டம் என்பதால் ஓரிடம் அறுந்தால் மொத்தமும் அவுட். அதனால்தான் சொல்கிறேன், கையுறையைச் சுருட்டி பேன்ட் பாக்கெட்டில் திணிக்கக் கூடாது. துவைக்கும்போது பிழியவும் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணியில் மெதுவாக அலசி, நிழலில் காயப்போட வேண்டும்.

நல்லா இருந்த வலது கையுறையில் மீட்டர் வைத்தேன். கம்பியின் மின்தடை 7 ஓம். 7.4 வோல்ட் கொடுத்தால் ஒரு ஆம்பியர் சொச்சம் ஓடும், எட்டு வாட் அளவுக்குச் சூடு வரும். நம்ம வீட்டு இஸ்திரிப் பெட்டியும் இதே வித்தைதான். அது ஆயிரம் வாட், இது எட்டு. மணிக்கட்டுப் பையில் இருக்கும் லித்தியம் பேட்டரி 2200 மில்லி ஆம்பியர் அவர், கணக்குப் போட்டால் 16 வாட் அவர், அதாவது 16 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் சரக்கு. முழுச் சூட்டில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் காலி. மூன்றில் ஒரு பங்குச் சூட்டில் வைத்தால் ஆறு மணி நேரம் ஓடும். கடும் குளிரில் பேட்டரியின் சத்தே குறையும் என்பதால் இதுவும் கிடைக்காது.

எட்டு வாட் என்பது கொஞ்சம்தான். விறைத்த கையை அது மீட்டெடுக்காது. குளிர் பட்டதும் உடம்பு விரலுக்குப் போகும் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். வெந்நீர் போகாத குழாய் மாதிரி விரல் ஆகிவிடும். பிறகு பட்டனை அழுத்திப் பயனில்லை. மகனிடம் சொல்லுங்கள்: வீட்டுக்குள்ளேயே, கை கதகதப்பாக இருக்கும்போதே போட்டு, முழுச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து, வெளியே இறங்கியதும் குறைத்துவிட வேண்டும். இறுக்கமான சைஸ் வாங்கினால் அதுவே ரத்தத்தை அடைக்கும். சட்டைக் கையின் நுனி கையுறையின் வாய்க்குள் சரியாகப் பொருந்த வேண்டும். நம்ம ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி ஒரு இடைவெளி கிடைத்தால் காற்று சும்மா விடுமா?

கேள்வி: சார்ஜ் போடுவதில், பிளேனில் கொண்டுபோவதில் கவனிக்க ஏதாவது உண்டா? (அதே வாசகி)

பதில்: உண்டு, நான் சூடு பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருநாள் மைனஸ் இருபதில் சுற்றிவிட்டு வந்து, ஐஸ் கட்டி மாதிரி இருந்த பேட்டரியை அப்படியே சார்ஜரில் செருகினேன். நாற்பது வருஷம் பேட்டரியோடு மாரடித்தவன் செய்கிற வேலையா? பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே போய் அடங்காமல், தகட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்தது போனது போனதுதான். அந்த பேட்டரி அப்புறம் பாதி நேரம்கூட நிற்கவில்லை. அறைச் சூட்டுக்கு வரட்டும், ஒரு மணி நேரம் கழித்துப் போடட்டும். கோடையில் எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில் வைக்க வேண்டும்.

பிளேனில் பேட்டரியைக் கழற்றி, முனைக்கு டேப் ஒட்டி, கைப்பையில் வைக்க வேண்டும். லக்கேஜில் போடும் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி கூடாது. 100 வாட் அவருக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம். இது வெறும் 16.

கேள்வி: மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி அடுக்கும் வேலை. காலையில் விரல் மரத்துப் போகிறது. இந்தக் கையுறை எனக்கு உதவுமா?
— வாசகி, குளச்சல்

பதில்: உதவாது அக்கா. ஒரு கிலோ ஐஸ் உருகவே 93 வாட் அவர் வேண்டும். பேட்டரியில் இருப்பது 16. ஐஸை அள்ளிக்கொண்டே இருக்கும் கையை இது எங்கே காப்பாற்றும்? அதோடு உப்புத் தண்ணி பட்டால் பேட்டரி முனை பச்சை பிடித்து நாலே நாளில் போய்விடும்.

கம்பளி உறை ஒன்று, அதன் மேல் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு சைஸ் பெரிதாக. கம்பளியில் மூன்று ஜோடி வைத்துக்கொண்டு, நனைந்ததை உடனே மாற்றுங்கள். ஈரக் கம்பளியோடு மணிக்கணக்கில் நிற்பதுதான் கெடுதல். விரல் வெளுத்துப் போய், பிறகு நீலமாகி, வலியோடு சிவந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, கையில் உணர்ச்சி குறைவு. மூணாறுக்குக் கூட்டிப் போகிறோம். வாங்கலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த கைக்கு, மிதமான சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் கொப்புளம் வரும், அவருக்குத் தெரியவே தெரியாது. மூணாறுக்குச் சாதாரணக் கம்பளிக் கையுறை போதும்.

கேள்வி: மார்கழி விடியற்காலையில் ரப்பர் வெட்டுக்குப் போகிறேன். எனக்கு?
— வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்குது என்று விரலுக்குத் தெரியணும். அந்தக் காசில் ஹெட்லைட்டுக்கு நல்ல பேட்டரியா வாங்கிப் போடு.