இரண்டு பக்கமும் படியுங்கள்

கேள்வி: எங்கள் நூற்பாலையில் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றிய மானோமீட்டர் (ஃபில்டரின் இரு புறத்துக் காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் கருவி; அடைப்பு கூடினால் வித்தியாசமும் கூடும்) இருக்கிறது. ஒரு பக்கம் உடைந்ததால், 10 மி.மீ. உள்விட்டக் குழாய்க்குப் பதில் 5 மி.மீ. குழாயைப் போட்டுவிட்டார்கள். இனி அளவு சரியாக வருமா? பேசாமல் டயல் கேஜ் வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: வரும், சரியாகப் படித்தால்.

மில்களில் இந்தக் குழாய்களோடு நெடுநாள் வேலை பார்த்தவன் நான். ஆபரேட்டர்கள் பலர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து, இரண்டால் பெருக்கி எழுதிவிடுவார்கள். இரு பக்கமும் ஒரே விட்டம் என்றால் அது செல்லும். உங்களுக்குச் செல்லாது. 5 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு மற்றதில் கால் பங்குதான். எனவே பெரிய பக்கம் 12 மி.மீ. இறங்கினால், சிறிய பக்கம் 48 மி.மீ. ஏறும். கூட்டினால் 60. அதுதான் உண்மையான வித்தியாசம். அழுத்தத்தில் சொன்னால் சுமார் 590 பாஸ்கல். பெரிய பக்கத்தை இரட்டித்தால் 24, சிறிய பக்கத்தை இரட்டித்தால் 96! 24 என்று எழுதும் ஆள், அடைத்துப்போன ஃபில்டரை ஓடவிடுவார். 96 என்று எழுதும் அடுத்த ஷிஃப்ட்காரர் நல்ல ஃபில்டரைக் கழற்றுவார். ஆகவே இரண்டு பக்கமும் படித்துக் கூட்டுங்கள். மட்டங்களின் உயர வித்தியாசம், திரவத்தின் அடர்த்தி, புவியீர்ப்பு இவைதான் கணக்கு; குழாயின் பருமன் அதில் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் பருமன் குறுக்கே வரும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாகவே ஏறி நிற்கும், 2 மி.மீ. குழாயில் சுமார் 15 மி.மீ. உங்கள் 5 மி.மீ. பக்கமும் சில மி.மீ. உயர்ந்தே நிற்கும். இரண்டு ஹோஸையும் கழற்றிவிட்டு அந்த வித்தியாசத்தைக் குறித்து, பிறகு வரும் அளவில் கழியுங்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இது மாறும் என்பதால், 10 மி.மீ. குழாயே கேட்டு வாங்கிப் போடுவது நல்லது.

பாதரசம் ஊற்றலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். உங்கள் 60 மி.மீ. அதில் 4.4 மி.மீ.யாகச் சுருங்கிவிடும்.

டயல் கேஜ் வாங்குங்கள், தூரத்திலிருந்தே படிக்கலாம். ஆனால் அதன் முள் நாளடைவில் விலகும். அப்போது சரிபார்க்க இந்தக் குழாய்தான் வேண்டும், கழற்றி எறிந்துவிடாதீர்கள்.