கடல் மட்டம் உயர்வது உண்மையா? ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கடல் மட்டம் உயர்கிறது என்று ஒரு சாரார் பயமுறுத்துகிறார்கள். எல்லாம் கட்டுக்கதை என்கிறார்கள் இன்னொரு சாரார். யாரை நம்புவது? கடலே இல்லாத தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?"

எனக்கு ஊர் ஊத்தங்கரைப் பக்கம். கடலைப் பார்க்க வேண்டும் என்றால் திருவண்ணாமலை, விழுப்புரம் தாண்டி அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் இந்த விஷயத்தை வைத்து எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல. கடல் மட்டம் உயர்வது உண்மை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தேகப்படுகிறவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் எங்கள் வீட்டில் சந்தேகப்பட்டவர் என் பெரியப்பா.

பெரியப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு ஏற்றி இறக்குவது, காலையில் ஸ்கேல் பார்த்து அணையின் நீர்மட்டத்தை எழுதுவது, மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து சொல்வது, இதுதான் அவருடைய வேலை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை அளந்த மனிதர். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னைத் தடுமாற வைத்தது.

"அணையில காத்தடிச்சாலே ஸ்கேல்ல தண்ணி ஏறி ஏறி இறங்குது. கடல்ல ஆள் உயர அலை அடிக்குது. வருஷத்துக்கு மூணு மில்லிமீட்டர் ஏறுதுன்னு எப்படிப்பா அளந்து சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு வந்து அவரிடமே திருப்பிக் கேட்டேன்: "காத்தடிக்கிற அன்னைக்கு நீங்க என்ன எழுதுவீங்க பெரியப்பா?"

"கொஞ்ச நேரம் நின்னு பார்ப்பேன். மேல எதுவரைக்கும் போகுது, கீழ எதுவரைக்கும் வருதுன்னு பார்த்து நடுவுல எழுதுவேன்."

துறைமுகங்களிலும் அதைத்தான் செய்கிறார்கள். செங்குத்தாக ஒரு பெரிய குழாயைக் கடலுக்குள் இறக்கியிருப்பார்கள். அடியில் சின்னத் துளை இருக்கும். அலை சில நொடிகளில் வந்து போய்விடும், அந்தத் துளை வழியாக அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் ஏறி இறங்க முடியாது. அதனால் வெளியே கடல் கொந்தளித்தாலும் குழாய்க்குள் மட்டம் அடங்கி நிற்கும். ஓதம், அதாவது கடலின் ஏற்ற வற்றம், மட்டும் பதிவாகும். அப்படி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் எழுதிய கணக்கின் சராசரிதான் கடல் மட்டம். மும்பையில் 1878 முதல் இந்தப் பதிவு இருக்கிறது. சாமல்பட்டி ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கணக்கின் பூஜ்யம்கூட நூறு வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினம், சென்னை உட்பட ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் ஓதம் அளந்து எடுத்ததுதான். "உங்கள மாதிரி ஆளுங்க எழுதினதுதான் பெரியப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

அப்புறம் செயற்கைக்கோள். 1992 ஆகஸ்டில் டோபெக்ஸ்/பொசைடன் என்ற ஒன்றை அனுப்பினார்கள். ரேடார் அலையைக் கீழே அனுப்பி, கடலில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து உயரத்தைக் கணக்கிடுவது. அதற்குப் பின் வந்தவையும் இதையே தொடர்கின்றன. கரையில் குழாய், வானத்தில் ரேடார், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள். இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்கிறது ஐநாவின் காலநிலைக் குழு. எனக்கு உறுத்துவது அந்த 20 அல்ல, வேகம்தான். 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர். 2006க்கும் 2018க்கும் நடுவில் 3.7 மில்லிமீட்டர். ஸ்கேல் பார்த்தே பழகிய பெரியப்பா இதை உடனே பிடித்துக்கொண்டார். "அணை எவ்ளோ நிரம்பியிருக்குங்கிறத விட, மணிக்கு எவ்ளோ ஏறுதுங்கிறதத்தான் நாங்க பார்ப்போம்" என்றார்.

ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைக் காட்டினார். எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டி போட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஐஸ் கரைகிறது, ஒரு சொட்டு வழியவில்லை. "அப்ப கடல் மட்டும் எப்படி ஏறும்?"

அந்த வீடியோவில் பொய் இல்லை. மிதக்கிற ஐஸ் கரைந்தால் மட்டம் ஏறாது, வடதுருவக் கடலில் மிதக்கிற பனிக்கு அது பொருந்தும். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் அப்படி இல்லை. அங்கே பனி நிலத்தின் மேல் கிடக்கிறது, இமயமலைப் பனியும் அப்படியே. அது உருகி வருவது, டம்ளருக்கு வெளியே இருந்து தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். இன்னொன்றையும் அந்த வீடியோ சொல்லவில்லை: சூடானால் தண்ணீரே விரியும். டிராக்டரில் விளிம்புவரை டீசல் போட்டு வெயிலில் நிறுத்தினால் மூடி ஓரம் கசியுமே, அது மாதிரி. 1971க்குப் பிறகு ஏறிய மட்டத்தில் ஏறக்குறைய பாதி இப்படி விரிந்ததால் மட்டுமே வந்தது.

அடுத்தது பழைய வாதம், பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டபோது யார் கார் ஓட்டினார்கள் என்பது. கடல் ஏறியதும் இறங்கியதும் உண்டுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அன்று பனி உருகத் தொடங்கியதற்குக் காரணம் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் அதன் சாய்விலும் மெல்ல ஏற்படும் மாற்றம். இன்று அந்தக் காரணம் இல்லை. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேல் அடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் கீழே சூடாகும்போது மேல் அடுக்கு குளிர்ந்திருக்கிறது. வெப்பத்தைக் கீழேயே பிடித்து வைத்தால்தான் அப்படி ஆகும். பிடித்து வைக்கிற கரியமில வாயு, தொழிற்சாலைகள் வருவதற்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்தது நிலக்கரியிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் என்பதற்கு அந்தக் கார்பனிலேயே அடையாளம் இருக்கிறது. காலப்போக்கில் தானே சிதைந்து மறையும் கார்பன்-14 என்ற வகை, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்ததால் அதில் கிடையாது.

சரி, பெரியப்பா பக்கம் நியாயமே இல்லையா? நிறைய இருக்கிறது. கடலோரத்தில் எது நடந்தாலும் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிடும் பழக்கம் எனக்கும் பிடிக்கவில்லை. தனுஷ்கோடியைக் கடல் மட்ட உயர்வுக்கு உதாரணம் காட்டுகிறார்கள். அது 1964 புயலில் அழிந்த ஊர். மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் மூழ்கியதற்கு முக்கியக் காரணம் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது. புதுச்சேரி கடற்கரையில் மணல் போனது, துறைமுகச் சுவர் கட்டி மணல் வரத்தைத் தடுத்ததால். இன்னும் சில வருஷத்தில் சென்னை முழுசாக மூழ்கிவிடும் என்று யூடியூபில் சொல்கிறவர்கள் செய்வது பெரிய கெடுதல். அந்த வருஷம் வந்து ஒன்றும் ஆகாதபோது, உண்மையைச் சொன்ன விஞ்ஞானியையும் சேர்த்து ஜனங்கள் பொய்யன் என்பார்கள். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் நாம் புகையைக் குறைத்தால் ஏறக்குறைய 30 முதல் 55 சென்டிமீட்டர், குறைக்காமலே போனால் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரலாம் என்பது ஐநா குழுவின் மதிப்பீடு. அண்டார்டிகாப் பனி எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்றும் விவாதம் இருக்கிறது. விவாதம் அங்கேதான். உயர்கிறதா இல்லையா என்பதில் இல்லை.

அப்படியானால் பொதுவெளியில் இவ்வளவு சண்டை எதற்கு? ஒரு பங்கு பணம். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே பூமி சூடாகும் என்று கணக்கிட்டு மேலிடத்துக்குச் சொன்னார்கள். வெளியில் நிறுவனம் பேசியது வேறு. இன்னொரு பங்கு, மனசு நோகிறது. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு டன் அளவில்தான் கரியமில வாயு வெளியிடுகிறார், ஓர் அமெரிக்கர் அதைப்போல் ஏழு மடங்கு. "அவன் எரிச்சதுக்கு நான் ஏன் அடுப்ப அணைக்கணும்?" என்று பெரியப்பா கேட்டதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. ஆனால் அது யார் செலவு செய்வது என்கிற நியாயச் சண்டை. அதற்காக அளவையே பொய் என்று சொல்ல முடியாது.

இனி நமக்கு என்ன என்ற கேள்வி. எங்கள் பெங்களூரா ரக மாந்தோப்பில் பூ தள்ளிப்போவதை நான் சாட்சியாக வைக்க மாட்டேன், ஒரு தோப்பை வைத்து உலகத்தைப் பேசக் கூடாது. ஆனால் 2024 டிசம்பரை மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி நகராமல் நின்று, அப்புறம் மெல்ல உள்ளே வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர் மழை. ஆண்டு முழுக்கவே எங்களுக்கு எண்ணூறைச் சற்றுத் தாண்டித்தான் பெய்யும். பஸ் நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி அடித்துக்கொண்டு போனதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு புயலை முழுசாகக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். கடலைச் சூடாக்கி விரிய வைக்கிற அதே வெப்பம்தான் மேகத்துக்கும் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிறது. பெரியப்பா அந்த 503 என்ற எண்ணை என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அவர் அளந்த காலத்தில் அப்படி ஓர் எண்ணை எழுதியதே இல்லை.

எங்கள் மழை பாம்பாற்றில் இறங்கித் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்குப் போனது. அங்கிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம் தாண்டிக் கடலூரில்தான் ஆறு கடலில் சேர்கிறது. என் தங்கையைக் கடலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு போன் செய்தாள். "உங்க ஊர்த் தண்ணிதான் எங்க வீட்டுக்குள்ள நிக்குது. வடியவே மாட்டேங்குது" என்றாள்.

பெரியப்பா போனை வாங்கி அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "இப்ப கடல்ல ஏத்தமா, வத்தமா?" கடல் மட்டம் மேலே நின்றால் ஆறு தள்ளிக்கொண்டு போக முடியாது என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கீழ் மதகு அடைத்திருந்தால் வாய்க்கால் எப்படிப் பின்னோக்கி நிரம்பும் என்று முப்பது வருஷம் பார்த்தவர். அன்றைக்கு ராத்திரி அவர் என்னைக் கூப்பிட்டு, அந்த 3.7 மில்லிமீட்டர் கணக்கை மறுபடி ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.